கண்ணுக்குத் தெரியாத கருவியா, காதுக்குப் பொருந்தும் கருவியா?

மூக்குக்கண்ணாடி அணிந்த மாணவன் ஒருவன் வகுப்பறைக்குள் நுழைந்தால் அவனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை. காதின் பின்னால் ஒரு சிறு கருவியை மாட்டிக்கொண்டு வந்தால் பத்துப் பேர் திரும்பிப் பார்க்கிறார்கள். இரண்டு பேர் சிரிக்கிறார்கள். கண்ணின் குறைக்கு வில்லை, காதின் குறைக்குப் பெருக்கி. இரண்டுமே இயற்பியல் மனிதனுக்குச் செய்த உதவிகள்தாம். ஆயினும் ஒன்றை அழகு என்கிறோம். மற்றொன்றை மறைத்து வைக்க வேண்டிய பொருளாக நினைக்கிறோம்.

இந்த நினைப்பால் விளையும் கேடு சிறியதன்று. நம் வீடுகளில் ‘காது மிஷின்’ என்று சொல்லப்படும் காது கேட்கும் கருவியை வாங்கப் போகிறவர்கள் பெரும்பாலும் முதலில் கேட்பது, “வெளியில் தெரியாத மாதிரி இருக்கிறதா?” என்பதுதான். அடுத்த கேள்வி, “விலை என்ன?” இவ்விரண்டு கேள்விகளும் காதைப் பற்றியவை அல்ல. ஒன்று ஊரார் கண்ணைப் பற்றியது. மற்றொன்று பணப்பையைப் பற்றியது. காதைப் பற்றிய கேள்விகளை முதலில் கேட்டுவிட்டு, இவற்றைக் கடைசியில் கேட்க வேண்டும் என்பதே இக்கட்டுரையின் கருத்து.

‘இது பெரியவர்கள் சங்கதி, எங்களுக்கு ஏன்?’ என்று மாணவ நண்பர்கள் கேட்கலாம். உலக சுகாதார நிறுவனம் 2021-ஆம் ஆண்டு வெளியிட்ட அறிக்கையின்படி, உலகில் 150 கோடிக்கு மேற்பட்டோருக்கு ஏதோ ஓர் அளவில் கேட்கும் திறன் குறைவு உண்டு. அவர்களில் சுமார் 43 கோடிப் பேருக்குச் சிகிச்சையோ கருவியோ பயிற்சியோ கட்டாயம் தேவை. ஆனால் கருவியால் பயனடையக் கூடியவர்களில் அதைப் பயன்படுத்துவோர் நூற்றுக்கு 17 பேர்தான். அப்படியானால் உங்கள் தெருவிலும், ஒருவேளை உங்கள் வீட்டிலும் அத்தகைய ஒருவர் இருக்கக்கூடும். அவருக்காகக் கருவியின் மின்கலத்தை மாற்றப் போகிறவரும், அதன் துளையில் அடைத்த அழுக்கைத் துடைக்கப் போகிறவரும் பெரும்பாலும் அந்த வீட்டுப் பேரப்பிள்ளைதான்.

முத்தும் சங்கும் தந்த கடல்

தாமிரபரணிக் கரையில் உள்ள ஆழ்வார்திருநகரியை எடுத்துக்கொள்வோம். திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூர் செல்லும் ரயில் இவ்வூரில் நின்று செல்கிறது. நம்மாழ்வார் அவதரித்த ஊர் என்பதால் இதற்கு இப்பெயர். ஆறு இங்கிருந்து கிழக்கே ஓடிக் கடலில் கலக்கிறது. அந்தப் பக்கத்தில்தான் பாண்டியரின் பழைய துறைமுகமான கொற்கை இருந்தது. கொற்கை முத்தைச் சங்கப் புலவர்கள் பாடினார்கள். 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் வந்த மார்க்கோ போலோ, இக்கடற்கரையின் முத்துக்குளிப்பைப் பற்றி எழுதிவைத்தார். தூத்துக்குடியில் கடைசியாகப் பெரிய அளவில் முத்துக்குளிப்பு நடந்தது 1955 முதல் 1961 வரையிலான ஆண்டுகளில். அதன்பின் முத்துக்குளிப்பு நின்றுவிட்டாலும் சங்கு குளித்தல் நிற்கவில்லை. இப்போது படகில் காற்றழுத்தியை வைத்து, நீண்ட குழாய் வழியே மூச்சு வாங்கிக்கொண்டு குளிப்பவர்களும் உண்டு.

முத்துப் பார்கள் பெரும்பாலும் 10 முதல் 20 மீட்டர் ஆழத்தில் இருப்பவை. கடலில் ஒவ்வொரு 10 மீட்டர் இறங்கும்போதும் அழுத்தம் ஒரு வளிமண்டல அளவு கூடுகிறது. நீர்மட்டத்தில் ஒரு வளிமண்டலம்; 10 மீட்டரில் இரண்டு; 20 மீட்டரில் மூன்று. நீங்கள் பாடத்தில் படித்த பாயில் விதியை நினைவுபடுத்திக்கொள்ளுங்கள். வெப்பநிலை மாறாதபோது, அழுத்தம் இரண்டு மடங்கானால் வாயுவின் பருமன் பாதியாகும். செவிப்பறைக்கு உள்ளே, நடுச்செவியில் சிறிதளவு காற்று அடைபட்டிருக்கிறது. குளிப்பவர் கீழே இறங்க இறங்க அந்தக் காற்று சுருங்குகிறது. வெளியே நீர் அழுத்துகிறது. செவிப்பறை உட்பக்கமாக வளைகிறது.

இதற்கு உடலிலேயே ஒரு வழி உண்டு. நடுச்செவியையும் தொண்டையின் மேற்பகுதியையும் இணைக்கும் யூஸ்டேஷியன் குழல்தான் அது. எச்சிலை விழுங்கும்போதும், மூக்கைப் பிடித்துக்கொண்டு மெல்ல ஊதும்போதும் அது திறந்து, உள்ளே காற்றை அனுப்பி அழுத்தத்தைச் சமப்படுத்துகிறது. ஆனால் ஜலதோஷம் பிடித்திருக்கும்போது அந்தக் குழல் வீங்கி அடைத்துக்கொள்ளும். அந்த நிலையில் குளித்தால் காதில் கடும் வலி உண்டாகும்; செவிப்பறை கிழிந்துபோவதும் உண்டு. சிறு கிழிசல் பெரும்பாலும் சில வாரங்களில் தானே மூடிவிடும். மூடுமுன் மறுபடி நீர் புகுந்து கிருமி தொற்றினால் காதில் சீழ் வடியத் தொடங்கும், துளை நிலைத்துவிடும். சில சமயங்களில் அழுத்தம் உட்செவியையே தாக்கிவிடுகிறது.

காதின் மூன்று அறைகள்

காது எப்படிக் கேட்கிறது என்று தெரிந்தால்தான் கருவியைத் தேர்ந்தெடுக்கும் வழி தெரியும். புறச்செவி ஒலியலைகளை உள்ளே அனுப்புகிறது. செவிப்பறை அதிர்கிறது. நடுச்செவியில் சுத்தி, பட்டை, அங்கவடி என்ற மூன்று எலும்புகள் அந்த அதிர்வை வலுவாக்கி உட்செவிக்குத் தருகின்றன. இவற்றுள் அங்கவடி, நம் உடலிலேயே மிகச் சிறிய எலும்பு. ஏறக்குறைய 3 மில்லிமீட்டர்தான். உட்செவியில் சங்கைப் போல இரண்டரைச் சுற்றுச் சுருண்ட காக்ளியா இருக்கிறது. காக்ளியா என்ற சொல்லுக்கே நத்தை என்றுதான் பொருள். சங்கு குளிப்பவர் கடலடியில் தேடும் உருவத்தையே தம் காதுக்குள்ளும் வைத்திருக்கிறார்!

அந்தச் சுருளுக்குள் சுமார் 15,000 மயிர்ச்செல்கள் உள்ளன. அதிர்வை நரம்பு மின்குறியாக மாற்றி மூளைக்கு அனுப்புவது இவற்றின் வேலை. மனிதனுக்கு இவை ஒருமுறை அழிந்தால் மீண்டும் முளைப்பதில்லை.

ஆகவே கேட்கும் திறன் குறைவு முக்கியமாக இரு வகைப்படும். புறச்செவியிலோ நடுச்செவியிலோ தடை ஏற்பட்டு ஒலி உள்ளே போகாமல் இருப்பது ஒருவகை. இது கடத்தல் வகை. காதுக் குறும்பி அடைப்பு, செவிப்பறைத் துளை, நடுச்செவிச் சீழ் ஆகியவை இதில் அடங்கும். உட்செவியோ நரம்போ பழுதாவது மற்றொரு வகை. இது நரம்பு வகை. இரண்டும் கலந்து வருவதும் உண்டு.

இவற்றைப் பிரித்தறியும் எளிய சோதனை ஒன்றை உங்கள் பள்ளி ஆய்வகத்தில் இருக்கும் இசைக்கவையைக் கொண்டே விளக்கலாம். மருத்துவர் 512 ஹெர்ட்ஸ் கவையை அதிரவைத்து, முதலில் காதுக்குப் பின்னுள்ள எலும்பின்மேல் வைக்கிறார். பிறகு காதின் அருகே காற்றில் பிடிக்கிறார். நல்ல காதுக்குக் காற்றில்தான் ஒலி நன்றாகக் கேட்கும். எலும்பின் வழியே அதிகமாகக் கேட்டால், காற்று வரும் பாதையில் தடை இருக்கிறது என்று பொருள். இத்தனை எளிய சோதனை, எத்தனை பெரிய செலவைத் தவிர்க்கிறது என்பதைப் பாருங்கள்.

மூன்று பேர், மூன்று விடைகள்

ஆழ்வார்திருநகரித் தெரு ஒன்றில் மூவர் இருப்பதாகக் கற்பனை செய்துகொள்வோம். மூவருக்கும் காது சரியாகக் கேட்பதில்லை.

முதலாமவர், இளமையில் தூத்துக்குடிக்குப் போய்ச் சங்கு குளித்த தாத்தா. ஒரு காதில் அவ்வப்போது சீழ் வருகிறது. இவருக்கு முதல் தேவை கருவியே அன்று. காது மூக்கு தொண்டை மருத்துவர். சீழ் வடியும் காதை அச்சுக்கட்டையால் அடைத்தால் ஈரம் வெளியேறாமல் நோய் முற்றும். சீழை நிறுத்திய பிறகு, பொட்டுக்கு அருகிலுள்ள தசையின் மேல் உறையிலிருந்து சிறு துண்டை எடுத்துச் செவிப்பறைத் துளையை ஒட்டுப்போடும் அறுவை சிகிச்சை உண்டு. அதனால் கேட்கும் திறன் பெரும்பாலும் மேம்படும். அறுவை இயலாதவர்களுக்கு, காதை அடைக்காமல் மண்டையெலும்பின் வழியே ஒலியைச் செலுத்தும் எலும்புவழிக் கருவி இருக்கிறது. இந்தத் தாத்தாவுக்கு ஒரு லட்சம் ரூபாயில் கண்ணுக்குத் தெரியாத கருவி வாங்கிக் கொடுத்தால், அது அன்பாக இருக்கலாம், அறிவாகாது.

இரண்டாமவர், 70 வயதைத் தாண்டிய ஆச்சி. இவருக்குக் காதில் வலியில்லை, சீழில்லை. “பேசுறது கேக்கு, என்ன பேசுறீய்யன்னு வெளங்கல” என்கிறார். இது முதுமையில் வரும் நரம்பு வகைக் குறைவு. கருவி இவருக்குத்தான் பெரிதும் பயன்படும்.

மூன்றாமவன், உங்கள் வயதுப் பையன். பிறவியிலேயே இரு காதுகளிலும் கடுமையான குறைவு. இவனுக்கு வலுவான கருவி, அதைப் பயன்படுத்திப் பேச்சைக் கேட்கும் பயிற்சி, வகுப்பில் முன்வரிசை இடம் ஆகிய மூன்றும் சேர்ந்து வேண்டும். மிகக் கடுமையான குறைவுள்ள சிறு குழந்தைகளுக்குக் காக்ளியாவுக்குள் மின்வாய்களைப் பதிக்கும் அறுவை சிகிச்சை, தமிழ்நாட்டில் முதலமைச்சரின் காப்பீட்டுத் திட்டத்தில் செய்யப்படுகிறது. அதற்கும் காலம் முக்கியம்; பேச்சு கற்கும் வயது கடந்தபின் பயன் குறையும். கருவியால் போதிய பயன் பெறாதவர்களுக்குச் சைகைமொழி ஒரு முழுமையான மொழி. பாளையங்கோட்டையில் பிளாரன்ஸ் சுவைன்சன் அம்மையார் 19-ஆம் நூற்றாண்டின் இறுதியில் தொடங்கிய காது கேளாதோர் பள்ளி, இந்தியாவின் மிகப் பழைய அத்தகைய பள்ளிகளுள் ஒன்று. கேளாதவர் கல்வி கற்க இயலாதவர் அல்லர் என்பதை அப்பள்ளி நூறாண்டுக்கு மேலாக மெய்ப்பித்து வருகிறது.

மூவருக்கும் ஒரே கடையில் ஒரே கருவியை விற்றுவிட முடியும். பயன் ஒருவருக்குக் கிடைத்தாலும் வியப்புத்தான்.

“சத்தம் கேட்கிறது, சொல் விளங்கவில்லை”

ஆச்சியின் குறைபாட்டைச் சற்று விரிவாகப் பார்ப்போம். கடம், படம், தடம், மடம், வடம் என்ற சொற்களைச் சொல்லிப் பாருங்கள். ஐந்திலும் முதல் மெய்யொலி ஒன்றே வேறு, மற்றவை ஒன்றே. உயிரொலிகள் தாழ்ந்த அதிர்வெண்ணில், மிகுந்த ஆற்றலோடு வருகின்றன. வல்லின மெய்களை ஒன்றிலிருந்து ஒன்று பிரித்துக் காட்டும் நுட்பமான ஒலிகளோ 2,000 ஹெர்ட்ஸுக்கு மேல், குறைந்த ஆற்றலோடு வருகின்றன. முதுமையில் முதலில் பழுதாவது உயர்ந்த அதிர்வெண்களைக் கேட்கும் மயிர்ச்செல்கள். அதனால் ஆச்சிக்குச் சொல்லின் ஓசை வருகிறது, பொருள் வருவதில்லை. நாம் கத்தினால் ஏற்கெனவே கேட்கும் உயிரொலிதான் மேலும் பெரிதாகிறது. “ஏன் கத்துதே? எனக்குக் காது கேக்கத்தான் செய்யுது” என்று அவர் கோபித்துக்கொள்வதில் நியாயம் இருக்கிறது.

இதனால்தான் கருவி வெறும் ஒலிபெருக்கியாக இருந்தால் போதாது. எந்த அதிர்வெண்ணில் எவ்வளவு குறைவோ, அங்கே அவ்வளவு மட்டும் பெருக்க வேண்டும். மெல்லிய ஒலியை அதிகமாகவும், பலத்த ஒலியைக் குறைவாகவும் பெருக்க வேண்டும். இல்லாவிட்டால் பட்டாசுச் சத்தமும் பல மடங்காகிக் காதைப் புண்படுத்தும். இதைச் செய்ய ஆடியோகிராம் என்ற வரைபடம் தேவை. 250 முதல் 8,000 ஹெர்ட்ஸ் வரையுள்ள ஒலிகளை ஒவ்வொன்றாகக் கொடுத்து, எத்தனை டெசிபெல்லில் கேட்கத் தொடங்குகிறது என்று குறிப்பதே ஆடியோகிராம். டெசிபெல் என்பது கூட்டல் கணக்கன்று, பெருக்கல் கணக்கு. ஒவ்வொரு 10 டெசிபெல்லுக்கும் ஒலியின் செறிவு 10 மடங்காகும். 60 டெசிபெல் என்றால் 10 லட்சம் மடங்கு!

ஆடியோகிராம் இல்லாமல் வாங்கும் கருவி, கண் பரிசோதனையின்றிச் சந்தையில் வாங்கும் மூக்குக்கண்ணாடியைப் போன்றது. அமெரிக்காவில் 2022 முதல், இலேசான மற்றும் நடுத்தரக் குறைவுள்ள பெரியவர்கள் மருந்துச் சீட்டின்றிக் கருவி வாங்கலாம் என்று விதி வந்திருக்கிறது. விலை குறைய அது உதவலாம். ஆனால் சீழ்க்காதும் துளைச் செவிப்பறையும் மலிந்த நம் கடற்கரைக்கு, சோதனைக்கு முன் கருவி என்ற வழி பொருந்தாது என்பது என் உறுதியான எண்ணம்.

அளவு சிறிது, தொல்லை பெரிது

கருவிகளின் வரலாறே சிறியதாகிக்கொண்டு போகும் வரலாறுதான். பீத்தோவன் காதில் வைத்துக் கேட்டது உலோகக் குழல். பிறகு கரிப்பொடி ஒலிவாங்கியும், வெற்றிடக் குழாயும் வந்தன. 1947-இல் பெல் ஆய்வுக்கூடத்தில் டிரான்சிஸ்டர் கண்டுபிடிக்கப்பட்டது. அதைக் காது கேட்கும் கருவியில் பயன்படுத்துவோரிடம் உரிமத் தொகை வாங்குவதில்லை என்று அந்நிறுவனம் முடிவு செய்தது. தொலைபேசியைக் கண்டறிந்த கிரகாம் பெல்லின் தாயும் மனைவியும் காது கேளாதவர்கள். வாழ்நாள் முழுவதும் கேளாதோர் கல்விக்காக உழைத்தவர் அவர். 1952-இன் இறுதியில் டிரான்சிஸ்டர் கருவி விற்பனைக்கு வந்தது. 1996-இல் முழுவதும் டிஜிட்டல் முறையில் இயங்கும் கருவிகள் கடைகளுக்கு வந்தன.

இன்று நான்கு வகைகளைக் காணலாம். சட்டைப்பையில் வைத்துக் கம்பியால் காதுடன் இணைப்பது, காதின் பின்னால் மாட்டுவது, காதுமடலுக்குள் பொருந்துவது, காதுக்குழிக்குள் மறைந்துவிடுவது. கடைசி வகைதான் விளம்பரங்களில் முதலிடம் பெறுகிறது. அதன் குறைகளை விளம்பரம் சொல்வதில்லை.

சிறிய கருவிக்குச் சிறிய மின்கலம். துத்தநாகக் காற்று மின்கலம் என்ற வகையில், மேலே ஒட்டியுள்ள தாளை உரித்ததும் காற்றிலுள்ள ஆக்சிஜன் உள்ளே சென்று மின்சாரம் உண்டாகத் தொடங்கும். மிகச் சிறியது சில நாட்களில் தீரும். பெரியது இரண்டு வாரங்களுக்கு மேலும் வரும். நடுங்கும் விரல்களும் மங்கிய கண்களும் உள்ள ஆச்சி, மிளகளவுக்குச் சற்றே பெரிய மின்கலத்தை வாரம் ஒருமுறை எப்படி மாற்றுவார்? அந்த மின்கலம் பக்கத்துக் கடையில் கிடைக்குமா? காதுக்குழிக்குள் இருக்கும் கருவியின் துளையைக் குறும்பி எளிதில் அடைக்கும். நம் ஊரின் வியர்வையும் கடற்காற்றின் ஈரமும் எந்தக் கருவிக்கும் பகை. இரவில் ஈரமுறிஞ்சும் சிலிக்கா ஜெல் உள்ள டப்பாவில் வைக்காவிட்டால் ஆயுள் குறையும். மேலும், ஒலிவாங்கியும் ஒலிபரப்பியும் நெருங்கியிருந்தால் கருவி ‘கீ’ என்று கூவும். கோயில் கொடையில் மைக்கை ஒலிபெருக்கிக்கு எதிரே கொண்டுபோனால் கூவுகிறதே, அதே காரணம்தான். ஆகவே கடுமையான குறைவுள்ளவருக்கு மறைகருவியின் வலிமை போதாது.

காதின் பின்னால் மாட்டும் கருவிக்கு இத்தொல்லைகள் குறைவு. வலிமை அதிகம், கையாள எளிது, காது வளரும் சிறுவர்களுக்கு அச்சுக்கட்டையை மட்டும் மாற்றினால் போதும். மின்னேற்றம் செய்யக்கூடியவையும் வந்துவிட்டன. தொலைபேசியிலும் சில அரங்குகளிலும் ஒலியை நேரடியாக வாங்கும் கம்பிச்சுருள் வைக்கவும் இதில் இடம் உண்டு. வெளியே தெரியும் என்பது ஒன்றே குறை. அதையும் நான் குறையாகக் கொள்ளவில்லை. கருவியைக் கண்ட எதிராளி முகத்தைப் பார்த்து, நிறுத்திப் பேசுவார். மறைத்து வைத்தால் அந்த உதவியும் போகும்.

ஒரு காதா, இரு காதா?

“ஒன்று வாங்கினால் போதாதா?” என்பது பணம் கொடுப்பவரின் கேள்வி. இயற்பியல் சொல்லும் விடையைப் பாருங்கள். வலப்பக்கம் வரும் பேருந்தின் ஒலி இடக்காதை அடைய ஏறக்குறைய 20 சென்டிமீட்டர் கூடுதலாகச் செல்ல வேண்டும். ஒலியின் வேகம் நொடிக்கு 340 மீட்டர் என்றால், வேறுபாடு ஒரு நொடியில் பத்தாயிரத்தில் ஆறு பங்கு. இந்த நுண்ணிய வேறுபாட்டைக் கொண்டுதான் மூளை ஒலி வரும் திசையைக் கண்டறிகிறது. ஒரு காது மட்டும் கேட்டால் ஹாரன் கேட்கும். பேருந்து எப்பக்கம் வருகிறது என்பது தெரியாது.

கூட்டத்தில் பேச்சைப் பிரித்தறியவும் இரு காதுகள் உதவுகின்றன. வைகாசியில் ஒன்பது திருப்பதிப் பெருமாள்களும் ஆழ்வார்திருநகரியில் கருட சேவைக்குக் கூடும்போது, அந்த நெரிசலில் மகள் கூப்பிடும் குரலை ஆச்சி அறிய வேண்டும். அரையர் சேவை இன்றும் நடைபெறும் மிகச் சில ஊர்களில் இதுவும் ஒன்று. அதையும் அவர் கேட்க விரும்புவார். வீட்டுத் திண்ணையில் இருவர் பேசுவதைக் கேட்பது வேறு. இவற்றைக் கேட்பது வேறு. எனவே இரு காதுகளிலும் குறைவிருந்தால், விலையுயர்ந்த ஒரு கருவியைவிட நடுத்தர விலையில் இரண்டு பெரும்பாலும் மேல். எதிரிலிருந்து வரும் ஒலிக்கு முன்னுரிமை தரும் திசை ஒலிவாங்கி உள்ளதா என்பதும் கேட்கத்தக்க கேள்வி.

கடைக்குப் போகுமுன்

தாள் ஒன்றில் எழுதிக்கொள்ள வேண்டியவை இவை. காதை மருத்துவர் பார்த்தாரா? தூத்துக்குடி, திருநெல்வேலி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் இதற்கெனத் துறை உண்டு. ஆடியோகிராம் கையில் இருக்கிறதா? அவர் எந்தெந்த இடங்களில், யார் பேச்சைக் கேட்கச் சிரமப்படுகிறார்? கருவியை அவரே மாட்டிக் கழற்ற முடிகிறதா? சில நாட்கள் வீட்டில் வைத்துப் பார்த்துத் திருப்பித் தர இடமுண்டா? பழுது பார்ப்பதும், அளவை மாற்றியமைப்பதும் எங்கே? இவ்வளவுக்கும் பிறகு, விலை என்ன?

திடீரென ஒரே நாளில் ஒரு காது கேட்காமல் போனால் மட்டும் இந்தத் தாளை எடுக்க வேண்டாம். அது அவசர நோய். அன்றோ மறுநாளோ மருத்துவரிடம் போக வேண்டும்.

கருவி மாட்டிய முதல் நாளே எல்லாம் சரியாகிவிடாது. பல்லாண்டுகள் அமைதியில் இருந்த மூளைக்கு மின்விசிறியின் ஒலியும் பாத்திரச் சத்தமும் இரைச்சலாகத் தோன்றும். நாளுக்குச் சில மணி நேரமாகத் தொடங்கிப் பழக வேண்டும். இது தெரியாமல் எத்தனையோ நல்ல கருவிகள் அலமாரியில் தூங்குகின்றன.

சட்டத்தின் கோடு

ஏழைகளுக்கு உதவி இல்லாமல் இல்லை. மத்திய அரசு 1981 முதல் மாற்றுத்திறனாளிகளுக்குத் துணைக் கருவிகள் வழங்கும் திட்டத்தை நடத்துகிறது. மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்திலும் விண்ணப்பிக்கலாம். ஆனால் ஓர் இடைவெளி இருக்கிறது. 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், இரு காதுகளிலும் 60 முதல் 70 டெசிபெல் குறைவுள்ளவரைத்தான் கேட்கும் திறன் குறைந்தவர் என்கிறது. உலக சுகாதார நிறுவனமோ, நன்றாகக் கேட்கும் காதில் 35 டெசிபெல்லுக்கு மேல் குறைவிருந்தாலே உதவி தேவை என்கிறது. 35-க்கும் 60-க்கும் இடையில் நிற்கும் ஆச்சி, சட்டத்தின் கண்ணில் குறையற்றவர். அடுக்களையில் பேரனின் கேள்விக்குத் தவறான விடை சொல்லிச் சிரிப்புக்கு ஆளாகிறவர்.

சான்றிதழுக்கும் சலுகைக்கும் எங்கேயாவது ஒரு கோடு போடத்தான் வேண்டும் என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் கருவி வழங்குவதற்கு அதே கோடு எதற்கு? முதியோருக்குக் கண்புரை அறுவையை முகாம் நடத்தி இலவசமாகச் செய்கிறோம். அதற்கு முழுக் குருடாகும்வரை காத்திருக்கச் சொல்வதில்லை. காதுக்கும் அந்த நீதி வேண்டும். மருத்துவ இதழான லான்செட்டின் ஆணையம் 2024-இல் வெளியிட்ட அறிக்கை, முதுமை மறதி நோய்க்கு வழிவகுக்கும் தவிர்க்கக்கூடிய 14 காரணிகளில் கேட்கும் திறன் குறைவையும் ஒன்றாகச் சேர்த்திருக்கிறது. இன்று கருவிக்குச் செலவிடத் தயங்கும் பணம், நாளை அதைவிடப் பெரிய செலவாக வரலாம்.

உங்களால் இன்றே செய்யக்கூடியது

கருவி வரும்வரையும், வந்த பிறகும் செலவில்லாத ஓர் உதவி உண்டு. திறந்த வெளியில் தொலைவு பாதியானால் ஒலி 6 டெசிபெல் கூடும். 4 மீட்டர் தொலைவிலிருந்து கூப்பிடுவதை விட்டு, ஒரு மீட்டர் அருகில் வந்து பேசினால் 12 டெசிபெல் லாபம். தொலைக்காட்சியை நிறுத்திவிட்டு, வெளிச்சத்தில் முகம் தெரிய நின்று, கத்தாமல், சற்று நிறுத்திப் பேசினால் இன்னும் லாபம். எந்தக் கருவிக்காரரும் இதை விற்க முடியாது.

உங்கள் காதையும் மறந்துவிடாதீர்கள். செவிப்பொறியில் பாட்டு கேட்பவர்கள், வாரத்திற்கு 40 மணி நேரத்துக்கு மேல் 80 டெசிபெல் ஒலியைக் கேட்பது ஆபத்து என்ற எல்லையை நினைவில் வைக்க வேண்டும். ஒலி கூடக் கூட அந்த நேரம் வேகமாகக் குறையும். இழந்த மயிர்ச்செல்லுக்கு மாற்று இல்லை.

திருவள்ளுவர் கேள்விக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். கேட்டு அறிவது கற்பதற்கு நிகர் என்று நம்பிய சமுதாயம் இது. அப்படிப்பட்ட சமுதாயத்தில், கேட்பதற்கு உதவும் கருவியை ஒளித்து வைக்க வேண்டியிருப்பது பொருத்தமாக இல்லை. நாளை உங்கள் வகுப்பில் ஒருவன் காதின் பின்னால் கருவியுடன் வந்தால், அவனுக்கு முன்வரிசையில் இடம் கொடுங்கள். ஆசிரியர் சொன்னதில் அவன் விட்டுவிட்ட சொல்லை எழுதிக் காட்டுங்கள். அவன் அதை மறைக்காமல் மாட்டிக்கொண்டு வர முடிந்தால், அவன் தாத்தாவும் ஆச்சியும் கடையில் சரியான கேள்வியைக் கேட்பார்கள்.